சாட்சிப் பலகை

ஒரு பேரை உரித்தெடுக்கும்போது வருகிற நாற்றம் எனக்கு இன்றுவரை பழகவில்லை. சுரங்க ரயில் ஸ்டேஷன்களில் பேர்ப்பலகை மாற்றுகிற கேங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் பழகவில்லை. பார்க்கிறவர்களுக்கு நீலத்தில் வெள்ளை எழுத்து, பளபளவென்று இருக்கும். ஹீட் கன்னால் சூடு காட்டி, ஒரு மூலையைக் கத்தியால் நெம்பி இழுத்துப் பாருங்கள். அடியில் மஞ்சள் பசை சளி மாதிரி நூல் நூலாக வரும். அதில் செத்த கரப்பான், யாரோ ஒருத்தருடைய தலைமுடி, தண்டவாளத்திலிருந்து பறந்து வந்த கறுப்புத் தூள். அதற்கும் அடியில் போன தடவை வைத்த பேர். அதற்கும் அடியில் அதற்கு முந்தின பேர். எத்தனை தரம் கை கழுவினாலும் மதியம் தின்கிற ரொட்டியில் அந்த வாசனை ஏறிவிடும். பேர் வைக்கிறவர்கள் யாரும் இதை மோந்து பார்த்ததில்லை.

அந்தத் தடவை உத்தரவு எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடுகிற ஸ்டேஷனுக்கே வந்தது. செத்துப்போன ஒரு பெரிய மனிதரின் பேர். ஆயுசில் ஒரு நாளாவது அவர் சுரங்க ரயிலில் ஏறியிருப்பாரா என்பது சந்தேகம். அவர் பேர் எங்கள் ஸ்டேஷனுக்கு. அவர் சம்சாரத்தின் பேர் அதே லைனில் கடைசிக்கு முந்தின ஸ்டேஷனுக்கு. அந்த அம்மாளுக்கு வாய்த்தது கூரை வருஷம் பூராவும் ஒழுகுகிற ஸ்டேஷன். எலி பட்டப்பகலில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொள்ளும். அங்கே எந்த அமைச்சரும் வரப்போவதில்லை. அதனால் எங்கள் ஸ்டேஷனுக்குப் புத்தம்புதுப் பலகைகள். எங்கள் ஸ்டேஷனில் கழற்றுகிற பழைய பலகைகளின் மேல் அந்த அம்மாள் பேரை ஸ்டிக்கராக ஒட்டி அங்கே மாட்டிவிடுவது. இது எங்கள் மேஸ்திரியின் யோசனை. இதற்காக அவரை மேலிடத்தில் பாராட்டினார்களாம். தூ!

மேஸ்திரியை நாங்கள் ரசமட்டம் என்போம். எதைக் கண்டாலும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அதன் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சாப்பாட்டுத் தட்டுக்கும் வைப்பார் என்று அவர் இல்லாதபோது சொல்லிச் சிரிப்போம். ஸ்டிக்கர் ஒட்டுவதில் என் ஜோடியைப் பசை என்போம். ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டுவான். விரல் நகத்துக்குள் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அவன் குடும்பம் எனக்குக் கீழ் மாடியில். அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரு அண்ணன், அவர்களோடேயே இருக்கிறான். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மாடி பூராவும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடும்.

அந்த அண்ணன்தான் மடிப்பு. நாற்பது வயசு ஆள், மனசு மட்டும் சின்னப் பிள்ளை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவன் வேலை. அங்கே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பேப்பர், துண்டு, ரொட்டி சுற்றி வந்த காகிதம், என் லுங்கி, எது கிடைத்தாலும் ஓரம் ஓரத்தோடு சேர்த்து, தடவி, சதுரமாக மடித்து வைத்துவிடுவான். எழுத்துத் தெரியாது, எண்ணவும் வராது. ஆனால் தனியாக ரயிலேறி வேலைக்குப் போய், தனியாகத் திரும்பி வருவான். மூன்றாவது பெட்டி, நடுக் கதவு. கதவுக்கு எதிரே சுவரில் நம் ஸ்டேஷன் பேர். முதல் எழுத்துக்கு நீண்ட வால், கடைசி எழுத்து குண்டாக உட்கார்ந்திருக்கும். அவனுக்கு அது ஒரு படம். படத்தைக் கண்டால் இறங்குவான். இதைப் பழக்கத் தங்கச்சி அவனோடு எத்தனை மாசம் போய் வந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு தடவை தொலைந்துபோயிருக்கிறான். போலீஸ்காரர்கள் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தேடிக் கண்டுபிடித்தபோது மொட்டையடித்து, மூத்திர நாற்றத்தில், கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்களாம். அந்தக் கட்டிலில் மடிக்க எதுவும் இல்லை என்றுதான் அவன் அழுதானாம். அதிலிருந்து தங்கச்சிக்கு ஒரே பயம், அண்ணன் இன்னொரு தடவை தொலைந்தால் அந்தக் கட்டில்தான் என்று.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மடிப்பு மேஜைத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பழைய பேரைக் கீழ சின்னதாப் போடறோம்னு சொன்னாங்களே?" என்றாள் தங்கச்சி.

"வேணாம்னுட்டாங்களாம்" என்றான் பசை. "பெரிய மனுஷர் வீட்டுல கோவமாம். அவர் காலடியில பழைய பேர் கிடந்தா அவருக்கு அவமானமாம்."

"அவர்தான் செத்துட்டாரே!"

"செத்தவங்களுக்குத்தான் இப்பல்லாம் ரோஷம் ஜாஸ்தி" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியில் ஓங்கித் தட்டினாள். "இங்க பாருங்க. அந்தாளு பேரை எங்க வேணா எழுதிக்கட்டும், நெத்தியில எழுதிக்கட்டும். எங்கண்ணன் எதைப் பார்த்து இறங்குவான்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"சாட்சி இருக்குல்ல" என்றான் பசை. "அதை மச்சானோட கதவுக்கு நேரா வெச்சுடறேன்."

சாட்சி என்பது எங்கள் கேங்கின் வழக்கம். பேர் மாற்றும்போது இரண்டு ஓரத்திலிருந்தும் ஆரம்பித்து நடுவுக்கு வருவோம். ஒரே ஒரு பழைய பலகையைக் கடைசிவரை கழற்றாமல் விடுவோம். எல்லாப் பலகையும் ஒரே உயரத்தில், ஒரே மட்டத்தில் வருவதற்கு அதை வைத்துத்தான் அளவு பார்த்துக்கொள்வோம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இரவுதான் சாட்சியைக் கழற்றுவது.

"அதுவரைக்கும் நான் தினம் வந்து நின்னு புதுசைக் காட்டிப் பழக்கிடறேன்" என்றாள் தங்கச்சி. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, நம்ம ஸ்டேஷனுக்குப் புதுப் பலகை வருது. நல்லாருக்கும். பார்த்து வெச்சுக்கணும், என்ன?" என்றாள்.

"புதுசு வேணாம்" என்றான் மடிப்பு. "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு."

அந்த வீட்டில் அன்று பேசினதில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் அவள் வந்து நின்றாள். சமையலறை நீராவியில் வெந்த முகத்தோடு, ஈர முன்தானையோடு. மடிப்பு சாட்சியைப் பார்த்து இறங்கி, அவள் வேலை விட்டு வரும்வரை அங்கேயே நிற்பான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புதுப் பலகையின் முன்னால் நிறுத்துவாள். "இது எந்த ஸ்டேஷன்?" என்பாள். அவன் ரொம்ப மரியாதையாகப் பார்த்துவிட்டு, "தெரியலயே, கேட்டுச் சொல்லட்டுமா?" என்பான். "நம்ம ஸ்டேஷன்தாண்ணே!" என்றால், "பொய் சொல்றே" என்று சிரிப்பான். தலை இல்லாத ஆளைக் காட்டி இதுதான் உன் அப்பா என்றால் யார் நம்புவார்கள்?

பிளாட்பாரத்திலோ அலங்காரம் தடபுடலாக நடந்துகொண்டிருந்தது. எச்சில் கறை படிந்த தூணை யாரும் கழுவவில்லை; கறையின் மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். மறுநாளே கறை பழுப்பாக மேலே ஊறி வந்தது. அதற்கு முன்னால் பூந்தொட்டியை நகர்த்தி வைத்தார்கள். உடைந்த கக்கூஸை, சிரிக்கிற பெரிய மனிதரின் படம் போட்ட தட்டி வைத்து மறைத்தார்கள். உள்ளே போக அவசரமாக வந்தவர்கள் அவர் முகத்துக்கு எதிரே கால் மாற்றி நின்று தவித்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் ரசமட்டம் ஓடி வந்தார். முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது.

"சாட்சியைக் கழட்டுங்கப்பா. சாயங்காலம் பெரிய மனுஷர் மகன் வந்து ஒரு பார்வை பார்க்கப் போறாராம். பழைய பேர் ஒண்ணுகூட அவர் கண்ணுல படக் கூடாதாம்."

பசை ஏணியிலிருந்து இறங்கினான். "மேஸ்திரி, ராத்திரிதானே கழட்டுவோம்? அது எப்பவும் உள்ளதுதானே?"

"எப்பவும் உள்ளது இப்ப இல்ல. கழட்டு."

"எங்க மச்சான் சாயங்காலம் வருவாரு. உங்களுக்கே தெரியும். அவர் அதைப் பார்த்துத்தான் இறங்குவாரு. அவர் இறங்கின நிமிஷம் கழட்டிடறேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"உங்க மச்சானுக்காக விழாவைத் தள்ளி வைக்கச் சொல்றியா? ஃபோன் பண்ணி உன் பொண்டாட்டிய வரச் சொல்லு."

"வேலை நேரத்துல அவ ஃபோன் பெட்டிக்குள்ள இருக்கும். உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க."

"அப்ப நான் என்ன பண்ண? எனக்கு மட்டும் ஆசையா? என் வேலைக்கும் உலை வெக்காதே."

நான்தான் போல்ட்டுகளைக் கழற்றினேன். பசை கை வைக்கவில்லை. பலகையை வண்டியில் ஏற்றி யார்டுக்கு அனுப்பினார்கள். எங்களையும் மேலே அனுப்பிவிட்டார் ரசமட்டம், மகன் கண்ணில் நாங்களும் படக் கூடாதாம். வாசலில் தடுப்பு வைத்து ஏறுகிற பயணிகளைக்கூட நிறுத்திவிட்டார்கள். உள்ளே விட மாட்டேன் என்ற காவலாளியோடு பசை சட்டையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றான். அந்த மகன் வந்தார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பார்த்தார், "நீலம் கொஞ்சம் வெளிறிப்போச்சே" என்றாராம், போய்விட்டார். தடுப்பை எடுத்து நாங்கள் கீழே ஓடும்போது மடிப்பின் ரயில் போய்விட்டிருந்தது.

தங்கச்சி வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் கத்தவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நேராக ஸ்டேஷன் அதிகாரியின் அறைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

அதிகாரி மறுநாள் போட வேண்டிய கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு தெரியாத ஆளை ஏம்மா தனியா விடறீங்க?" என்றார் நிமிராமலே.

"அவனுக்குத் தெரியும் சார். நீங்கதான் ஸ்டேஷனைக் காணாமப் பண்ணிட்டீங்க."

"அறிவிப்பு செஞ்சோமே."

"யாருகிட்ட?"

அவர் காலர் ஓரத்தைத் தேய்த்தார். கஞ்சி கருகுகிற வாசனை வந்தது.

எந்த ரயில், எந்தப் பக்கம், எங்கே இறங்கினான், கடைசி ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்களா, யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிக் கேட்கலாம் என்று கிளம்பினோம். முதல் ஸ்டேஷனில் 'அப்படி யாரும் வரல'. அடுத்ததில், குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஒருத்தனைக் காட்டி, "இவனா பாருங்க" என்றார்கள். தங்கச்சி குனிந்து அந்த ஆளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாந்தி அவள் கையெல்லாம் ஆனது. "இல்ல" என்று சொல்லிவிட்டு, தன் முன்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

அப்போது பசையின் ஃபோன் அடித்தது. ரசமட்டம். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"என்னய்யா ஒட்டின நீ? அந்தம்மா ஸ்டேஷன்ல மேல இருந்து தண்ணி ஒழுகி ஸ்டிக்கர் கழண்டு விழுந்துடுச்சாம். உள்ள இருக்கிற பழைய பேர் பல்லைக் காட்டுதாம். நாளைக்கு ஃபோட்டோக்காரன் எவனாவது எடுத்தான்னா என் மானம் போச்சு. உடனே போய் ஒட்டு!"

பசை ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எந்தப் பழைய பேர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஸ்டேஷனில் அந்தப் பலகையைக் கழற்றினதும் நாங்கள்தான், அதைக் கொண்டுபோய் அங்கே மாட்டினதும் நாங்கள்தான்.

"தங்கச்சி, ஓடு!" என்றேன். "ரயில் வருது, ஏறு!"

கடைசிக்கு முந்தின ஸ்டேஷன். கூரையிலிருந்து தண்ணீர் பழுப்பாகச் சொட்டி, சுவரெல்லாம் பாசி. அந்தப் பாசிக்கு நடுவில் எங்கள் ஸ்டேஷனின் பேர், நீண்ட வாலும் குண்டு எழுத்துமாக, அலம்பிவிட்ட மாதிரி சுத்தமாகத் தொங்கியது. அதற்கு நேர் கீழே பெஞ்சில் மடிப்பு. முழங்காலைச் சேர்த்து வைத்து, மடியில் பையை வைத்து, ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். கால்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கக்கூஸ் பூட்டியிருந்ததாம். பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோனாள்.

"அண்ணே!"

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றான் அவன். "நம்ம ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். படி ஏறிப் போனேன். தெருவைக் காணோம். கேட்டா திட்டறாங்க. அதான் இங்கயே உட்கார்ந்துட்டேன். வீடு வரட்டும்னு."

தங்கச்சி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள், அதுவரை அழவில்லை. அவன் அவளை விலக்கிவிட்டுப் பையைத் திறந்து எதையோ எடுத்துப் பசையிடம் நீட்டினான்.

"மாப்ள, இது கீழ கிடந்துச்சு. மடிச்சு வெச்சேன்."

பெரிய மனிதரின் சம்சாரம்! கழன்று விழுந்த ஸ்டிக்கரை, ஒட்டுகிற பக்கம் உள்ளே, ஓரம் ஓரத்தோடு சேர்த்து, தடவித் தடவி, கைக்குட்டை அளவுக்குக் கெட்டியாக மடித்திருந்தான். இனி எந்த ஹீட் கன்னாலும் அந்த அம்மாளைப் பிரிக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"வாண்ணே, வீட்டுக்குப் போகலாம். ரயில் வருது."

"எதுக்கு ரயில்? நம்ம ஸ்டேஷன்லதானே இருக்கோம்."

"இது இல்லண்ணே."

அவன் பலகையைக் காட்டினான். "இந்தா, இருக்குல்ல."

கெஞ்சினாள், அதட்டினாள், சூடா சூப் இருக்கு என்றாள். அவன் பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தோம். கட்டில் ஞாபகம் வந்திருக்கும் அவனுக்கு. கையை வைத்ததுமே குரல் மாறி ஊளையிட ஆரம்பித்தான். விட்டுவிட்டோம்.

பசை தோள்பையை இறக்கினான். புது ஸ்டிக்கரை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்தான். பெஞ்சின் மேல் ஏறி போல்ட்டுகளைக் கழற்றினான். பலகையைச் சுவரிலிருந்து எடுத்ததும் அதன் பின்னாலிருந்து ஒரு பிடிக் கரப்பான்கள் அவன் முகத்தில் கொட்டின. துடைத்துக்கூடக் கொள்ளவில்லை.

"மச்சான், ஸ்டேஷனைக் கையில எடுத்துக்கிட்டேன்" என்றான். "வாங்க, வீடு இருக்கிற இடத்துக்குக் கொண்டு போவோம்."

மடிப்பு காலியான சுவரைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். எழுந்து வந்து அதன் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

ரயிலில் நனைந்த கால்சட்டையைக் கண்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள். எங்கள் ஸ்டேஷனில் தங்கச்சி முதலில் குதித்து இறங்கி, பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். மடிப்பு அதைப் பார்த்துவிட்டு இறங்கினான். "வந்துடுச்சு" என்றான்.

மறுநாள் விழா நடந்தது. ரிப்பன், கைதட்டல், கூல்டிரிங்க் பாட்டில்கள். அவர்கள் போனபின் பிளாட்பாரத்தில் மிச்சமிருந்தது மிதிபட்ட கேக்கும் ஈயும்தான். சாயங்காலம் தங்கச்சி வேலையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, அந்தக் குப்பைக்கு நடுவில் பலகையோடு வந்து நின்றாள். நானும் பசையும் அந்தப் பக்கம் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அதிகாரி பார்த்துவிட்டு ரசமட்டத்துக்கு ஆள் அனுப்பினார்.

ரசமட்டம் வந்த வேகத்தில் பலகையைப் பிடித்தார். "கேங் சொத்தும்மா இது. பேர் மாத்தியாச்சு. பழைய பேரை இங்க காட்டக் கூடாது."

"ஊருக்கா காட்டறேன்? எங்கண்ணனுக்குக் காட்டறேன். அவன் இறங்கினதும் எடுத்துட்டுப் போயிடுவேன்."

"எனக்கு வேலை போயிடும். குடு."

பிடுங்கிவிட்டார். நாங்கள் ஓடி வருவதற்குள் ரயில் வந்துவிட்டது. மூன்றாவது பெட்டி, நடுக் கதவு. திறந்தது. மடிப்பு கதவுக்கு உள்ளே, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். சுவரைப் பார்த்தான். இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை பெரிய மனிதர். ரசமட்டம் பலகையின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

"அண்ணே, இறங்கு!"

அவன் தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தான். "நீ எங்க இங்க வந்தே? நம்ம ஸ்டேஷன் இன்னும் வரலையே. ஏறிக்கோ, ஏறிக்கோ" என்றான்.

ரசமட்டம் அவனைப் பார்த்தார். அவன் தன் பக்கத்தில் தங்கச்சி நிற்க இடம் விட்டு ஒதுங்கி நின்றதையும் பார்த்தார். கதவு மூடுவதற்கான மணி அடித்தது.

"சீ! என்ன பொழப்புடா இது!" என்று கத்தினார் ரசமட்டம். பலகையைத் திருப்பி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

மடிப்பின் முகம் மலர்ந்தது. கதவு இடிக்க இருந்த நேரத்தில் இறங்கிவிட்டான். ரயில் போனது. அதிகாரி தன் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கினவர்கள் எல்லோரும் ரசமட்டத்தைப் பார்த்தபடியே போனார்கள். அவர் கையை இறக்கவில்லை.

மடிப்பு அவருக்கு நேர் முன்னால் போய் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான்.

"கோணலா இருக்கே" என்றான்.

ரசமட்டம் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.